படுக்கை அறைக்குத் தணல் வேண்டாம், வெந்நீர் போதும்!

மூணாற்றில் வேலை செய்யும் தமிழருக்கு மார்கழி கஷ்டம். கஞ்சிக்கோட்டில் வேலை செய்யும் தமிழருக்குப் பங்குனி கஷ்டம். அங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. இங்கே கூரைத் தகடு தலைக்கு மேல் தோசைக்கல்லாகக் காய்கிறது. அங்கே இருப்பவர் ஜன்னல் இடுக்கை எதை வைத்து அடைக்கலாம் என்று யோசிக்கிறார். இங்கே இருப்பவர், இருக்கிற ஒரே ஜன்னலைத் திறந்து வைத்தும் காற்று ஏன் வரவில்லை என்று கேட்கிறார்.

இந்த இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். சூடான காற்றும் சூடான தண்ணீரும் மேலே ஏறும். குளிர்ந்தது கீழே இறங்கும். படிக்கும்போது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் குறைந்த விறகில் வெந்நீர் போடலாம். புழுக்கம் குறைந்து தூங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தின் உயிரைக் காப்பாற்றலாம்.

உயிர் என்று சொல்வது மிகையல்ல.

எழுந்திருக்காத எட்டுப் பேர்

2020-ம் ஆண்டு ஜனவரி மாதம். கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்ற ஒரு குழுவினர் தாமன் என்ற மலை ஊரில் இரவு தங்கினார்கள். கடுங்குளிர். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். அறையைச் சூடாக்க ஒரு காஸ் ஹீட்டர் எரிந்தது. குளிர் வரக்கூடாது என்று கதவும் ஜன்னலும் மூடியிருந்தன. மறுநாள் காலை அந்த எட்டுப் பேரும் கண் விழிக்கவில்லை. காத்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டு போயும் பயனில்லை.

அங்கே தீ விபத்து நடக்கவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை. அடுத்த அறையில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

நேபாளம் எங்கே, நாம் எங்கே என்று நினைக்க வேண்டாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் பிணமாகக் கிடந்த செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். மூணாறு வட்டாரத்தில் 2019-ம் ஆண்டு ஜனவரியில் குளிர் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்கியது. தேயிலைச் செடி மீது உறைபனி வெள்ளை விரித்தது. அப்படிப்பட்ட இரவுகளில் சமையலறைத் தணலை ஒரு சட்டியில் அள்ளிக் கொண்டுவந்து கட்டிலடியில் வைக்க யாருக்கும் கை போகும். அந்தக் கையைத் தடுப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

புகையில்லாத நஞ்சு

எந்த நெருப்புக்கும் பிராணவாயு வேண்டும். போதுமான காற்று கிடைத்தால் விறகும் கரியும் காஸும் எரிந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போகும். காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். இதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணை எரிக்காது.

புகை வந்தால் இருமிக்கொண்டு வெளியே ஓடி விடுவோம். தணலில் புகை இல்லை. ஆகவே ஆபத்து இல்லை என்று நினைத்து விடுகிறோம். உண்மை நேர்மாறானது. செக்கச்செவேல் என்று கனன்று கொண்டிருக்கும் கரிதான் இந்த நஞ்சை ஏராளமாக வெளிவிடுகிறது.

நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பொருள் ஒன்று உண்டு. அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் ஆசையுடன் இந்த நச்சு வாயுவைப் பற்றிக் கொள்கிறது. பிடித்தால் எளிதில் விடாது. முதலில் தலைவலி வரும். பிறகு மயக்கம், குமட்டல், கால் தளர்ச்சி. விழித்திருப்பவருக்கு இந்த அறிகுறிகள் எச்சரிக்கை. தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது.

ஒரு வாளி வெந்நீரின் கணக்கு

இனி வெந்நீருக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி உஷ்ணம் வேண்டும். மலையில் காலைத் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக் கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். 15 லிட்டர் வாளிக்கு 25 டிகிரி ஏற்ற வேண்டும். ஆக 375 கிலோ கலோரி.

ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி இருக்கிறது. கணக்குப்படி பத்து வாளிக்கு வர வேண்டும்! ஆனால் மூன்று கல்லைக் கூட்டி எரிக்கும் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு உஷ்ணம்தான் பாத்திரத்தில் ஏறுகிறது. மற்ற ஒன்பது பங்கும் பக்கவாட்டில் போய் விடுகிறது. ஆகவே ஒரு வாளிக்கு ஒரு கிலோ விறகு செலவாகிறது. ஐந்து பேர் குளிக்க ஐந்து கிலோ. அதைத் தலையில் சுமந்து வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

விறகு ஈரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெட்டிய பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீயின் பலம் போய் விடும். மிச்சம் புகை. மூணாற்றில் கிடைக்கும் கிராண்டிஸ் கட்டையானாலும் சரி, கவாத்து செய்த தேயிலைக் குச்சியானாலும் சரி, மழைக்கு முன்பே பிளந்து, காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு, கூரைக்கு அடியில் அடுக்கி வைப்பது நல்லது. இதற்குக் காசு செலவில்லை.

செப்புப் பாய்லர் சொல்லும் பாடம்

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் செப்புப் பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். உருளை வடிவம். நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒரு குழாய். கீழே தீ. குழாயைச் சுற்றிலும் தண்ணீர். தீயின் சூடு எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே போக முடியும். சிரட்டை, தென்னை மட்டை, காய்ந்த குச்சி எதுவும் போதும்.

அந்த நடுக்குழாய் இரண்டு வேலை செய்கிறது. தண்ணீரைச் சூடாக்குகிறது, புகைபோக்கியாகவும் நிற்கிறது. சூடான புகை மேலே ஏறும்போது கீழே புதிய காற்றை இழுக்கிறது. ஊத வேண்டிய அவசியமே இல்லை. சிலவற்றில் புனல் வழியாக ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போய், மேலே நிற்கும் வெந்நீரைத் தள்ளிவிடும். ஒரு செம்பு உள்ளே, ஒரு செம்பு வெளியே! தண்ணீர் இல்லாமல் மட்டும் தீ மூட்டக் கூடாது. பற்றுவைத்த இடம் உருகி ஒழுக ஆரம்பிக்கும்.

நம் பாட்டிமார்களின் கொடி அடுப்பிலும் இதே புத்திதான். பெரிய அடுப்பில் சோறு வெந்து கொண்டிருக்கும்போது தப்பிப் போகும் தீ பக்கத்துக் கண்ணில் இருக்கும் தண்ணீரைச் சூடாக்கும். பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ல் தொடங்கிய 'அஸ்த்ரா' என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவு, புகைபோக்கியுடன் கூடிய மூன்று கண் அடுப்பை உருவாக்கியது. அதில் கடைசிக் கண்ணில் குளிக்கும் தண்ணீரை வைத்து விடலாம். தனியாக விறகு வேண்டாம்.

கீசரும் சூரியனும்

மின்சாரத்தில் மேற்சொன்ன ஒரு வாளிக்கு அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். 1,500 வாட் கம்பியைத் தண்ணீரில் போட்டால் சுமார் 18 நிமிஷம். ஆனால் தண்ணீர் சுட்டுவிட்டதா என்று கையை விட்டுப் பார்க்கும் பழக்கம் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, கம்பியை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் செருகவே கூடாது.

கீசரில் பச்சைத் தண்ணீர் அடியில் நுழையும். வெந்நீர் மேலிருந்து வெளிவரும். அதே பழைய விதி! சூடு அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட்டும், அது பழுதானால் அழுத்தத்தை வெளிவிட ஒரு வால்வும் அதில் இருக்கும். வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே என்று அதை அடைத்து வைப்பது வெடிகுண்டு செய்வதற்குச் சமம்.

காஸ் கீசர் விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். அதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. சிறிய அறை, மூடிய கதவு, எரியும் காஸ். தாமனில் நடந்த அதே கதைதான். வெளிச்சுவரில் மாட்டிக் குழாயில் வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

சூரிய வெந்நீர்ச் சாதனத்துக்கு எரிபொருள் செலவு இல்லை. கறுப்புத் தகட்டில் ஒட்டிய குழாய்களில் தண்ணீர் சூடாகி, மேலே வைத்திருக்கும் தொட்டிக்குத் தானே ஏறும். பம்ப் வேண்டாம். தொட்டி தகட்டை விட உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் தகடு போதும் என்பது பொதுவான கணக்கு. பாலக்காட்டு வெயிலுக்கு இது ஜோராக வேலை செய்யும். மூணாற்றில் ஆனி, ஆடி மழையில் பயன் குறைவு. மார்கழி, தையில் வானம் தெளிந்திருப்பதால் பகலில் பயன் உண்டு. ஆனால் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். உறைபனி விழும் எஸ்டேட்டுகளில் இரவில் குழாய் வெடிக்காமல் பாதுகாப்புச் செய்ய வேண்டும்.

தீ ஓரிடம், சூடு வேறிடம்

பனி நாடுகளில் வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. அது குளிக்க அல்ல, அறையைச் சூடாக்க. கீழ் அறையில் ஒரு பாய்லர். அங்கேயே புகைபோக்கி. பாய்லரில் சூடான தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் ஏறி, சுவரோரம் நிற்கும் இரும்புப் பட்டையைச் சூடாக்கி, ஆறியதும் மீண்டும் கீழே பாய்லருக்கு இறங்கும். பழைய வீடுகளில் இதற்குப் பம்ப் கூடக் கிடையாது. சூடேறிய தண்ணீர் பெருக்கும் என்பதால் மிகுதியை வாங்கிக்கொள்ள உச்சியில் ஒரு சிறு தொட்டி இருக்கும்.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று. தீ ஓரிடத்தில் இருக்கிறது. சூடு மட்டும் படுக்கை அறைக்கு வருகிறது. நச்சு வாயு புகைபோக்கி வழியே வெளியே போய் விடுகிறது.

லயத்தில் குடியிருப்பவர் இதையே பைசா செலவில்லாமல் செய்யலாம். தணல் சட்டியை உள்ளே கொண்டு வராதீர்கள். வெந்நீரைக் கொண்டு வாருங்கள். கடையில் விற்கும் ரப்பர் வெந்நீர்ப் பை, அல்லது இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் பாட்டில் போதும். நன்றாகச் சுடும் தண்ணீரை ஊற்றி, மூடி, தடித்த துணியில் சுற்றி, கம்பளிக்கு அடியில் கால்மாட்டில் வையுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் 70 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது 80 கிலோ கலோரி உஷ்ணத்தை மெல்ல மெல்லக் கொடுக்கும். கம்பளிக்குள் அது தாராளம். கைக்குழந்தையின் உடம்பில் மட்டும் நேராகப் படக்கூடாது. ஒழுகுகிறதா என்று கவிழ்த்துப் பார்த்து விட்டு வைக்க வேண்டும்.

கொழுந்துக்குக் கிடைக்கும் காற்று

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். அதைப் பக்குவமாக வாட்ட வேண்டும். பழைய தொழிற்சாலைகளில் இதற்காகவே மாடி முழுக்க வரிசை வரிசையாக ஜன்னல் வைத்தார்கள். பிறகு நீளமான தொட்டியில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்தினார்கள். மழைக்காலத்தில் அந்தக் காற்றைச் சூடாக்கியும் விடுகிறார்கள். எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று கணக்கு வைக்கிறார்கள்.

கொழுந்துக்கு அளந்து காற்று கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்த பெண்ணின் சமையலறைக்கு யாரும் காற்றை அளந்ததில்லை! வரிசை வீடு என்றால் இரண்டு பக்கமும் பொதுச் சுவர். காற்று வர முன்னும் பின்னும்தான் வழி. இலங்கை மலையகத்தின் பழைய இரட்டை லயன்களில் முதுகோடு முதுகாக அறை கட்டியதால் பின்வழியும் இல்லாமற் போயிற்று. அந்த அறைகளில் ஒரு தலைமுறையே இருமிக்கொண்டு வாழ்ந்தது.

வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்படியில் அதிக நேரம் நிற்கும் பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான் இந்தப் புகையை அதிகம் குடிக்கிறார்கள்.

சமையலறைக்கு இரண்டு வழி வேண்டும். காற்று உள்ளே வரத் தாழ்வாக ஒன்று; புகை வெளியேற உயரமாக ஒன்று. கதவின் அடியில் இருக்கும் சந்து முதல் வழி. கூரையை ஒட்டிய திறப்போ புகைபோக்கியோ இரண்டாவது. புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேலே நீள வேண்டும். உயரம் கூடினால் இழுவையும் கூடும். வளைவு அதிகமானால் இழுவை குறையும். மாதம் ஒருமுறை கரியைத் தட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் நாமே துளை போடக் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

கணவாய்க் காற்று

இப்போது மலையை விட்டு இறங்குவோம். பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோ மீட்டர் அகலமான வாசல். வாளையாறு, கஞ்சிக்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை எல்லாம் அந்த வாசற்படியில்தான் இருக்கின்றன. ஆனி, ஆடியில் மேல்காற்று. மார்கழி, தையில் கீழ்காற்று. பங்குனி, சித்திரையிலோ வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

அப்படிப்பட்ட ஊரில் ஆறு பேர் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடம்பு ஒரு 100 வாட் பல்பு அளவுக்கு உஷ்ணத்தை வெளிவிடுகிறது. ஆறு பேருக்கு 600 வாட்! அதோடு ஓர் அடுப்பும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

ஒரே ஒரு ஜன்னலைத் திறந்தால் காற்று வராது. உள்ளே வந்த காற்று வெளியேற எதிர்ச்சுவரில் வழி வேண்டும். கல்பாத்தி அக்கிரகார வீடுகளைப் பாருங்கள். அங்கேயும் பொதுச் சுவர்தான். ஆனால் வாசல் முதல் கொல்லை வரை கதவுகள் ஒன்றுக்கு நேர் ஒன்று நிற்கும். பல வீடுகளில் நடுவே முற்றம் உண்டு. சூடான காற்று அங்கே மேலே போய் விடும்.

தகரக் கூரையின் கீழே மின்விசிறி போட்டால் மேலே தேங்கிய சூட்டைத்தான் அது தலையில் கொட்டும். ஆகவே கூரையை ஒட்டி ஒரு திறப்பு அவசியம். எக்ஸாஸ்ட் விசிறி வைத்தால் உயரத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் தாழ்வாக வழி விட வேண்டும். கதவை இறுக்கி மூடிவிட்டு எக்ஸாஸ்ட் போடுவது மின்சாரத்துக்குத்தான் நஷ்டம். உச்சி வெயிலில் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடு. அப்போது வெயில் படும் ஜன்னலை மூடி, மாலைக்குப் பிறகு எல்லாவற்றையும் திறந்து விடுங்கள்.

சமையல் காஸ் மட்டும் விதிவிலக்கு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையை ஒட்டியும் ஒரு திறப்பு வேண்டும்.

கேட்டுப் பெற வேண்டியது

தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதிகளில் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரமான வெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கும் ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. பத்தில் ஒரு பங்கு 12 சதுர அடி. அதாவது மூன்றடிக்கு நாலடி ஜன்னல். உங்கள் அறையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.

தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-ம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு ஆலைக்குள் நல்ல காற்றோட்டம் வேண்டும் என்றது. இரண்டையும் உள்ளடக்கி 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, தோட்டத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் தர வேண்டிய வீட்டில் குடிநீர், சமையலறை, கழிப்பிடம் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. புகை போக வழியில்லாத அறையைச் சமையலறை என்று சொல்வது நியாயமா? தொழிற்சங்கக் கூட்டத்தில் கூலி, போனஸ் பேசும்போது புகைபோக்கியையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்துக் கொள்ளலாம். எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக் கொள்வது நல்லது.

கோரிக்கை நிறைவேற நாளாகலாம். இன்று இரவே செய்யக்கூடியது இது: அடுப்பில் தீ முழுவதும் அணைந்ததா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். எவ்வளவு குளிரானாலும் ஜன்னலில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அடுப்பு எரியும் அறையில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அது பனியால் வந்ததல்ல; உடனே கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். மயங்கியவரைத் திறந்த வெளிக்குத் தூக்கிவந்து, 108-க்குப் போன் செய்து, மருத்துவமனையில் பிராணவாயு கொடுக்கச் செய்யுங்கள். அடுப்புப் புகையில் இருந்தவர் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அந்த ஒரு வார்த்தை மிகவும் முக்கியம்.